ஐ.நா. வேலைக்குப் பாலக்கோட்டிலிருந்து எப்படிப் போவது?

கேள்வி: வணக்கம். எனக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். சென்னையில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்து எட்டு மாதம் ஆகிறது. வயது 24. சர்வதேச வளர்ச்சித் துறையில், முடிந்தால் ஐ.நா. அமைப்பு ஒன்றில், வேலை பார்க்க ஆசை. நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஒரு நேர்காணல்கூட வரவில்லை. இங்கிலாந்தில் இன்னொரு முதுகலை படி, 25 லட்சம் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் மாமா. பெங்களூரு ஏஜென்சி ஒன்று ஒன்றரை லட்சம் கட்டினால் ஐ.நா.வில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்கிறது. தக்காளி போடும் அப்பாவோ, இங்கேயே ஏதாவது தொண்டு நிறுவனத்தில் சேரம்மா என்கிறார். வீட்டில் தெலுங்கு பேசுவோம். கன்னடம் புரியும். எந்த வழியில் போவது? பாஸ்போர்ட் இப்போதே எடுத்து வைக்கலாமா?
— வாசகி, பாலக்கோடு

பதில்: வணக்கம். ஏஜென்சி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். விண்ணப்பம், நேர்காணல், ஆவணச் சரிபார்ப்பு, பயிற்சி என்று எந்தக் கட்டத்திலும் ஐ.நா. அமைப்புகள் விண்ணப்பதாரரிடம் பணம் வாங்குவதில்லை. கேட்டால் அது மோசடிதான், பேரம் பேசிப் பார்க்கவும் வேண்டாம். ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால் இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் புகார் பதிவானால்தான் அதை வங்கியில் முடக்கி வைக்க முடியும். ஆதார், மதிப்பெண் பட்டியல் நகல்களைக் கொடுத்திருந்தால், உங்கள் பெயரில் கடன் ஏதும் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்பது விண்ணப்பங்களுக்குப் பதில் வராததில் மர்மம் எதுவும் இல்லை. ஐ.நா.வின் சர்வதேசப் பதவிகளில் பி-2 என்ற நிலைக்கு முதுகலையோடு 2 ஆண்டு அனுபவம் வேண்டும். பி-3க்கு 5 ஆண்டு, பி-4க்கு 7 ஆண்டு. இந்த எண்ணிக்கை குறைந்தால் விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே விழுந்துவிடும், உங்கள் முகப்புக் கடிதத்தை யாரும் படித்திருக்கவே மாட்டார்கள். இளம் வல்லுநர் தேர்வு என்று ஒன்று உண்டு. வயது வரம்பு 32. ஆனால் ஐ.நா. தலைமைச் செயலகத்தில் போதிய பிரதிநிதித்துவம் இல்லாத நாடுகளின் பட்டியல் ஆண்டுதோறும் வரும், அதில் உங்கள் நாடு இருந்தால்தான் எழுத முடியும். ஜூனியர் புரொஃபஷனல் ஆஃபீசர் என்ற பதவிகளுக்கு அந்தந்தப் பணக்கார நாட்டு அரசே சம்பளம் தருவதால், பெரும்பாலும் தன் நாட்டவரைத்தான் அனுப்பும். இந்த இரண்டையும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சந்தையும் சுருங்கியிருக்கிறது. 2025 மார்ச்சில், அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் திட்டங்களில் 83 சதவீதத்தை ரத்து செய்வதாக அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ அறிவித்தார். ஜூலை 1 முதல் அது தனி அமைப்பாக இயங்குவதே நின்றுபோனது. பிரிட்டன் தன் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த வெளிநாட்டு உதவியை 2027க்குள் 0.3 சதவீதமாகக் குறைக்கிறது. பத்து, பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் வேலை இழந்து, உங்களைப் போன்றவர்கள் கேட்கும் இடங்களுக்கே போட்டியிடுகிறார்கள். இந்த நிலையில் அப்பா சொல்வதில் பாதி சரி. “ஏதாவது” என்ற சொல்லை மட்டும் நீக்கிவிட வேண்டும்.

உங்கள் மாவட்டத்துக்கும் சர்வதேச வளர்ச்சித் துறைக்கும் பழைய உறவு உண்டு. தமிழ்நாட்டில் அரசு ஆதரவோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியது 1989இல், தருமபுரியில்தான். ரோமில் தலைமையகம் கொண்ட ஐ.நா. அமைப்பான சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம், இஃபாட், அதற்குக் கடன் தந்தது. அப்போது கிருஷ்ணகிரியும் இதே மாவட்டம், பிரிந்தது 2004இல். 2013இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் (நிலத்தடி நீரில் மிகுந்த ஃபுளோரைடால் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் நோய்) தடுப்புத் திட்டம், ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான ஜைக்காவின் கடனில் கட்டப்பட்டது. கடன் கொடுக்கும் இந்த அமைப்புகள் திட்டத்தின் முன்மதிப்பீடு, நிறைவறிக்கை, பின்மதிப்பீடு ஆகியவற்றைத் தங்கள் இணையதளங்களில் போட்டு வைக்கின்றன. இந்தத் துறையில் நுழைய நினைப்பவர்கள் ஜெனீவா, நைரோபி என்று தேடுகிறார்கள். தன் தெருக்குழாயைப் பற்றி டோக்கியோவில் எழுதிய அறிக்கையைப் படித்தவர் குறைவு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதுதான் இது.

அந்தக் குழாயை வைத்தே துறையின் அடிப்படைக் கணக்கைப் புரிந்துகொள்ளலாம். எந்தத் திட்டத்துக்கும் லாக்ஃபிரேம் என்று ஒரு கட்டம் போடுவார்கள். ஒகேனக்கல் போன்ற திட்டத்தில் பதித்த குழாயின் நீளமும் கொடுத்த இணைப்புகளும் வெளியீடு. வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுத் தண்ணீரையே பயன்படுத்துவது விளைவு. ஃபுளோரைடு நோய் குறைவது தாக்கம். நேர்காணலில் புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது முதல் இரண்டுக்கும் இடையில்தான். இணைப்பு இருக்கிற வீடு எல்லாம் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது என்று எழுதிவிடுவார்கள். குழாயில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? வராத நாளில் எதைக் குடிக்கிறார்கள்? குடிக்க ஆற்றுத் தண்ணீரும் களி கிண்ட போர்த் தண்ணீருமா? ஃபுளோரைடு கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆகவே சமையல் தண்ணீரைக் கேட்காத கணக்கெடுப்பு பாதிக் கணக்கெடுப்பு.

தாக்கத்தை அளப்பதில் இன்னொரு சிக்கல். பல்லில் வரும் ஃபுளோரைடு கறை, பல் எனாமல் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், உடலில் சேர்ந்த ஃபுளோரைடால் வருவது. வந்த கறை நல்ல தண்ணீர் குடித்தால் மறையாது. எனவே திட்டத்துக்கு முன்னும் மூன்றாண்டு கழித்தும் பெரியவர்களின் பல்லைப் பார்த்து ஒப்பிட்டால் ஒரு மாற்றமும் தெரியாது, நல்ல திட்டத்தையும் தோல்வி என்று எழுதிவிடுவீர்கள். பல்லைப் பார்ப்பதானால் தண்ணீர் வந்த பிறகு பிறந்து, நிரந்தரப் பல் முளைத்த குழந்தைகளைப் பார்க்க வேண்டும். இப்போது உடலுக்குள் போகும் அளவு தெரிய வேண்டுமானால் சிறுநீரில் ஃபுளோரைடு அளப்பார்கள். எந்த அளவீடு எத்தனை காலத்தில் அசையும் என்ற இந்த அறிவுதான் ‘கண்காணிப்பும் மதிப்பீடும்’ என்று விளம்பரங்களில் வரும் வேலையின் உயிர்நாடி. எம்.எஸ்.டபிள்யூ. பாடத்தில் இது போதிய அளவு வருவதில்லை.

ஆகவே அடுத்த மூன்று மாதத்தில், வேலை தேடிக்கொண்டே, ஒரு மாதிரிப் பணியைச் செய்து வையுங்கள். உங்கள் ஊராட்சியில் 60 வீடு போதும். ஊராட்சித் தலைவரிடமும் செயலரிடமும் முதலில் சொல்லிவிடுங்கள். கேள்விகள் இருபதைத் தாண்டக் கூடாது. கோபோ டூல்பாக்ஸ் என்ற செயலியில் படிவம் போட்டால் போனிலேயே, சிக்னல் இல்லாத இடத்திலும், பதிவு செய்யலாம். சிறிய பணிகளுக்கு அது இலவசம். கேள்வியைத் தமிழில் எழுதி, தெலுங்கு பேசும் வீடுகளுக்குத் தெலுங்கில் எப்படிக் கேட்பது என்பதையும் எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று மனதுக்குள் மொழிபெயர்த்தால் வீட்டுக்கு வீடு கேள்வி மாறிப்போகும். அந்த 60இல் சேராத ஐந்து வீடுகளில் முன்னோட்டம் பாருங்கள். எல்லோரும் ஒரே பதில் சொல்லும் கேள்வி இருந்தால் எடுத்துவிடுங்கள். “போன மாதம்” என்று கேட்டால் ஊகித்துச் சொல்வார்கள், “நேற்று” என்று கேளுங்கள். வீடுகளை ரோட்டோரமாக வசதிப்படி எடுக்காமல், மொத்த வீட்டுப் பட்டியலை எண்ணிட்டு, இத்தனையாவது வீடு என்று இடைவெளி வைத்து எடுங்கள். குழாயின் கடைசி முனையில் இருப்பவர்கள்தான் பொதுவாக விடுபடுகிறவர்கள், தண்ணீர் குறைவாக வருவதும் அவர்களுக்குத்தான். பேட்டிக்கு முன் சம்மதம் கேளுங்கள். பெயரையும் போன் எண்ணையும் பதில்களோடு ஒரே கோப்பில் வைக்காதீர்கள். ‘அரசு ஏதாவது தருமா’ என்று கேட்பார்கள். இல்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். குழந்தைகளின் பல்லை நீங்களே பரிசோதிக்கக் கூடாது, அது மருத்துவர் வேலை.

முடிந்ததும் பத்தில் ஒரு வீட்டுக்கு வேறு ஒருவரை அனுப்பி மூன்று கேள்விகளை மறுபடி கேட்கச் செய்யுங்கள். பேக்-செக் என்பார்கள், பெரிய ஆய்வுகளில் இது கட்டாயம். அறிக்கை நான்கு பக்கம், ஆங்கிலத்தில்: ஓர் அட்டவணை, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்ட ஒரு வரைபடம், எதை உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஒரு பத்தி. 60 வீட்டில் பாதி என்று வந்தால் அதில் கூடக்குறைய 13 சதவீதப் புள்ளி பிழை இருக்கலாம். அதை 5க்குள் கொண்டுவர, முற்றிலும் தற்செயலாக எடுத்த மாதிரியில்கூட, சுமார் 384 வீடு வேண்டும். இந்தப் பத்தியை எழுதத் தெரிந்தவரை ஆய்வு நிறுவனங்கள் விடுவதில்லை.

தண்ணீர் பிடிக்கவில்லை என்றால் தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்கோடு மண்டியில் ஒரு பெட்டி (கிரேட்) எத்தனை கிலோ, கமிஷன் யார் தலையில், வண்டி வாடகை போக விவசாயி கைக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். பெட்டியின் எடையைக் குறிக்காமல் ‘விலை 300’ என்று மட்டும் எழுதினால் அந்தத் தரவு எதற்கும் உதவாது.

இனி வேலை எங்கே என்று பார்ப்போம். மாவட்டத்திலும் சுற்றிலும் அனுபவமுள்ள அமைப்புகள் இருக்கின்றன. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மைராடா, மதுரையின் தானம் அறக்கட்டளை, சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையிலுள்ள சிட்டிலிங்கியில் 1993 முதல் இயங்கும் ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆகியவற்றின் அறிவிப்புகளைப் பாருங்கள். ஓசூர்ப் பக்கம் நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பணம் இருக்கிறது. 2013 நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி என்ற மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். டிவிஎஸ் குழுமத்துக்கு சீனிவாசன் சேவை அறக்கட்டளை என்று தனி அமைப்பே உண்டு. வறுமை ஒழிப்புத் திட்டங்களை ஆய்வு செய்யும் ஜே-பால் அமைப்பின் தெற்காசிய மையமும் கள ஆய்வுக்கு ஆள் எடுக்கும். உலக வங்கி, ஜைக்கா கடனில் மாநில அரசு நடத்தும் திட்டங்களில் ஒப்பந்தப் பணியிடங்கள் வரும். அங்கே கொள்முதல் விதி, காலாண்டு அறிக்கை எல்லாம் கடன் தரும் அமைப்பின் முறைப்படி நடப்பதால், அந்த இரண்டாண்டு அனுபவத்துக்கு வெளியில் நல்ல மதிப்பு. முதலமைச்சர் புத்தாய்வுத் திட்டத்தையும் கிராமங்களில் வேலை செய்ய இளைஞர்களை அனுப்பும் 13 மாத எஸ்பிஐ யூத் ஃபார் இந்தியாவையும் அறிவிப்பு வரும்போது விடாதீர்கள்.

வேலை வாய்ப்புக் கடிதம் வந்ததும் கையெழுத்துப் போடும் முன் சிலவற்றைக் கேட்க வேண்டும். எந்தத் திட்டத்தில் சம்பளம், அது எந்தத் தேதியில் முடிகிறது? வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு செல்லுபடியில் இருக்கிறதா? அந்தப் பதிவு ஐந்தாண்டுக்குத்தான். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்ற முடியாது, நிர்வாகச் செலவும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பெரிய அமைப்புகளிடம் துணைநிதி வாங்கி நடந்த சிறிய அமைப்புகள் இதில் அடிபட்டன. சம்பளம் மூன்று மாதம் தள்ளிப்போவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான். பி.எஃப். உண்டா, பயணப்படி தனியாகவா என்பதும் முக்கியம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொந்தரவு புகார்களுக்கு உள்ளகக் குழு இருப்பது 2013 சட்டப்படி கட்டாயம். அதன் தலைவர் யார் என்று கேளுங்கள். கேட்டதற்கே முகம் சுளிக்கும் அமைப்பை விட்டுவிடலாம். மலைக் கிராமப் பணி என்றால் கடைசி பஸ் எப்போது, இரவு தங்க நேர்ந்தால் ஏற்பாடு என்ன என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

சேர்ந்த பிறகு, யாரும் விரும்பாத வேலை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: பட்ஜெட். எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர்களின் தன்விவரக் குறிப்பில் ‘மக்களைத் திரட்டினேன், விழிப்புணர்வு ஏற்படுத்தினேன்’ என்று மலிந்து கிடக்கும். ஒரு திட்டத்தின் தலைப்புவாரிச் செலவைப் பார்த்து, எது திட்டமிட்டதைவிட எவ்வளவு விலகியது, ஏன் என்று நன்கொடையாளருக்கு எழுதத் தெரிந்தவர் அரிது. பல நன்கொடையாளர்கள் ஒரு தலைப்பில் 10 சதவீதத்துக்கு மேல் மாறினால் முன்அனுமதி கேட்கச் சொல்வார்கள். அதை மறந்து செலவழித்த பணம் திரும்பக் கேட்கப்படும். ஒரு துறையையும் பிடித்துக்கொள்ளுங்கள். குடிநீர்-சுகாதாரமோ, ஊட்டச்சத்தோ, வாழ்வாதாரமோ, ஏதாவது ஒன்று. இரண்டாண்டுக்கு ஒருமுறை துறை மாறுகிறவர் மூத்த பதவிக்கு வருவது கடினம்.

இரண்டாண்டுக்குப் பிறகு கதவுகள் வேறு மாதிரி திறக்கும். ஐ.நா.வில் நேஷனல் ஆஃபீசர் என்று உள்நாட்டவருக்கு மட்டுமான பதவிகள் உண்டு. போட்டி இந்தியர்களுக்குள்தான். தொடக்க நிலைக்கு ஓரிரு ஆண்டு அனுபவம் போதும். யுனிசெஃபுக்குச் சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. ஐ.நா. தன்னார்வலர் திட்டமான யுஎன்வியில் இளைஞர் பிரிவுக்கு வயது 18 முதல் 26 வரை. உங்களுக்கு இன்னும் இரண்டாண்டு கால அவகாசம், எனவே அதில் மட்டும் இன்றே பதிவு செய்யுங்கள். தன்னார்வலர் என்ற பெயர் இருந்தாலும் வாழ்க்கைச் செலவுக்குப் படி உண்டு. 27க்கு மேல் வல்லுநர் பிரிவு, அதற்கு அனுபவம் கேட்பார்கள். வெளிநாட்டுப் பணி பெரும்பாலும் இந்தப் படிகளுக்குப் பிறகு வருவது. ஐ.நா. தலைமைச் செயலகத்தில் இன்டர்ன்ஷிப் எடுக்க நினைத்தால் பட்டம் பெற்ற ஓராண்டுக்குள் தொடங்கிவிட வேண்டும், சம்பளமும் கிடையாது. நியூயார்க் வாடகையை நினைத்தால் அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

விண்ணப்பத்தில் வீட்டு மொழியை மறைக்காதீர்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் பேச, படிக்க, எழுத என்று பிரித்து நிலையைக் குறிப்பிடுங்கள். இந்த மூன்று மொழியும் புழங்கும் தேன்கனிக்கோட்டைப் பக்கம் களப்பணிக்கு ஆள் தேடும் அமைப்புக்கு அந்த ஒரு வரி போதும். மற்ற வரிகளில் ‘பொறுப்பு வகித்தேன்’ என்பதை நீக்கி, என்ன செய்தீர்கள், எத்தனை வீடு, என்ன மாறியது என்று எழுதுங்கள். ஐ.நா. நேர்காணலில் ‘இப்படி ஒரு சூழ்நிலையை எப்போது சமாளித்தீர்கள்’ என்றுதான் கேட்பார்கள். சூழல், நீங்கள் செய்தது, முடிவு என்று மூன்று நிமிடத்தில் சொல்ல ஆறு சம்பவங்களைத் தயாராக வைத்திருங்கள். ‘நாங்கள் செய்தோம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால் மதிப்பெண் விழாது. நம் வளர்ப்பில் ‘நான்’ என்று சொல்லக் கூச்சம் உண்டு, பழகிக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்துப் படிப்புக்கு மாமா சொல்லும் 25 லட்சத்தை 11 சதவீத வட்டியில் பத்தாண்டு தவணையாகப் போட்டால் மாதம் சுமார் 34,400 ரூபாய் வரும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. அந்தத் தவணையைத் தாங்கும் சம்பளம் இந்தத் துறையில் தொடக்கத்தில் கிடைக்காது. தவணைக்காகவே துறையை விட்டுப் போனவர்கள் நிறைய. அங்கேயே வேலை கிடைத்துவிடும் என்ற கணக்கும் பிரிட்டன் உதவியைக் குறைக்கும் இந்த நேரத்தில் சரிவராது. இரண்டாவது முதுகலை வேண்டுமானால் அனுபவத்துக்குப் பிறகு, உதவித்தொகையில் போங்கள். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை 2,800 மணி நேரம், அதாவது சுமார் இரண்டாண்டு, வேலை அனுபவம் கேட்கிறது. முடித்ததும் இரண்டாண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவித்தொகையான எராஸ்மஸ் முண்டுஸையும் பார்த்து வையுங்கள். பொதுவான வளர்ச்சியியல் இன்னொரு முறை வேண்டாம். பொதுச் சுகாதாரம், புள்ளியியல், நீர்மேலாண்மை என்று கையில் தொழிலைத் தரும் படிப்பாக எடுங்கள்.

பாஸ்போர்ட்டை இப்போதே எடுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய், பத்தாண்டு செல்லும். இதில் நம் ஊர்ப் பிள்ளைகள் மாட்டுவது இனிஷியலில். மதிப்பெண் பட்டியலில் ‘மா. செல்வி’ என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏற்கமாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு முழுப்பெயரையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டால், பின்னால் வெளிநாட்டு விசாப் படிவத்திலும் வேலைப் படிவத்திலும் அந்தக் கட்டம் கட்டாயமாகக் கேட்கும், பெயர் பொருந்தாது. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஐக்கிய அரபு அமீரகம் 2022 முதல் ஏற்பதில்லை. அதனால் உங்கள் பெயரை முதல் கட்டத்திலும் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் போடுங்கள். அப்பா பெயரின் ஆங்கில எழுத்து ஆதாரிலும் பட்டச் சான்றிதழிலும் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். வேறுபட்டால் ஆதாரை முதலில் திருத்திவிட்டு, அதன் பிறகு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். யுஎன்வி பதிவையும் அதே பெயரில், அதே எழுத்தில் செய்யுங்கள்.